மூன்றாம் வரிசையில் விலகிய சுருதி

கல்யாண ஊர்வலத்தில் கிளாரினெட் வாசிக்கிறவனுக்கு உட்காரக் கொடுத்துவைத்ததில்லை. மாப்பிள்ளை கார் நகர்ந்தால் நடந்துகொண்டே ஊத வேண்டும், நின்றால் நின்றுகொண்டே ஊத வேண்டும். தென்காசியில் ஒரு பேண்டு செட்டில் எட்டு வருஷம் இப்படிக் காலால் வாசித்தேன். யாராவது ஒரு பாட்டைக் கேட்பார். பாதி வாசிப்பதற்குள் அவருடைய மைத்துனர் வேறொன்றைக் கேட்பார். நம் மனசில் தோன்றியதை நாலு ஆவர்த்தம் வாசிக்கலாம் என்றால், கூட்டம் நம்மை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்?

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது. பேண்டு செட்டின் சிவப்புச் சட்டைகளை எல்லாம் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டோம். குற்றாலத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் என் சித்தப்பா மகன் சமையல் வேலை பார்த்தான். சாரல் காலத்தில் மலைத் தோட்டத்துத் துரைகளும் லீவில் வந்த பட்டாளத்து ஆபீசர்களும் அங்கே குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேநீர் நேரத்தில் நடனம் உண்டு. அதற்காக ஒரு ஜாஸ் பேண்டு.

"அண்ணே, எங்க பேண்டுல கிளாரினெட் வாசிச்சவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். நாற்காலி சும்மா கெடக்கு. வந்து பாக்கியளா?" என்று அவன் கேட்டான்.

நாற்காலி என்ற வார்த்தையே எனக்குப் போதுமானதாக இருந்தது. உட்கார்ந்து வாசிக்கலாம். அதோடு, அந்தப் பேண்டில் ஒவ்வொருவராக எழுந்து, பாட்டை விட்டுவிட்டு, தன் மனசில் இருப்பதை வாசித்துவிட்டு உட்காருவார்கள் என்றும் அவன் சொல்லியிருந்தான். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பேண்டின் தலைவர் பியானோ வாசிப்பவர். ஆங்கிலோ இந்தியர், ரயில்வே காலனியில் வளர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். தமிழ் தடங்கல் இல்லாமல் பேசுவார். ஏதாவது வாசி என்றார். நான் சங்கராபரணத்தில் பத்து நிமிஷம் வாசித்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"நல்லா ஊதறே மேன். ஆனா ஒரே இடத்துலே நிக்கறே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுருதியில் நிற்பதற்காகத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டது? அவர் ஒரு இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தார். "இந்தப் பாட்டை நீ வாசிக்கக் கூடாது. பாட்டுக்கு அடியிலே மூணு நாலு ஸ்வரத்தைச் சேர்த்து அடிப்போம். அதுக்குப் பேரு கார்டு. அது மாறிக்கிட்டே போகும். அது போற வழியிலே நீயும் போகணும், ஆனா உன் சொந்தச் சரக்கா இருக்கணும். மூணு சுற்று. பத்து நாள் கழிச்சு வா."

கற்பனை ஸ்வரம் வாசிக்கச் சொல்கிறார், இது நமக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டு, சாரலில் தட்டு நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தென்காசிக்கு நடந்தே வந்தேன்.

வீட்டில் ஒரு கிராமபோன் உண்டு. அது என் மனைவி செங்கோட்டையிலிருந்து சீராகக் கொண்டுவந்தது. சாவி கொடுப்பது, ஊசி மாற்றுவது எல்லாம் அவள்தான்; வேறு யாரும் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. யுத்தத்தில் ஊசி கிடைக்கவில்லை என்பதால் கருவேல முள்ளைச் சீவி வைத்திருந்தாள். பிறந்த வீட்டில் மூன்று வருஷம் வீணை கற்றவள். கல்யாணத்தோடு அது நின்றுபோயிற்று. நிறுத்தச் சொன்னது நான் அல்ல. ஆனால் தொடரச் சொன்னதும் நான் அல்ல.

என் ஏற்பாடு எளிது. தட்டில் உள்ள பாட்டின் ஆதார ஷட்ஜத்தைக் கண்டுபிடித்துச் சுருதிப் பெட்டியை அதற்குச் சேர்த்தேன். பெட்டியை அவள் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். தட்டு ஓடும், பெட்டி பாடும், மேலே நான் வாசிப்பேன். முதல் இரண்டு நாள் எனக்குப் பரம திருப்தி. பாட்டு ஏறக்குறைய சங்கராபரணம்தான். ஆனால் தட்டில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடம் வரும்போது எல்லாம் கலைந்துபோயிற்று. அங்கே என்ன வாசித்தாலும் பல் கூசியது. தட்டில் வாசிக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பேர் எடுத்த பாண்டித்தியத்தில் சுருதி கூடவா நிற்காது?

மூன்றாம் நாள் அந்த இடம் வந்ததும் அவள் பெட்டியை அமுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"ஏன்ட்டி நிறுத்துன?"

"பெட்டி ஒரு பக்கம் இழுக்கு, பாட்டு ஒரு பக்கம் இழுக்குங்க. காது வலிக்கு."

"அவன் சுருதிய விட்டுட்டுப் போகுதான்லா. பெட்டி என்ன செய்யும்?"

"தட்டுல எட்டுப் பேரு வாசிக்காவ. எட்டுப் பேரும் சேர்ந்தாப்புல ஒரே பக்கம் விலகுவாவளா? வெறுதே அவுகளைத் திட்டாதீய" என்றாள்.

வெறுதே என்பது செங்கோட்டைப் பக்கத்து மலையாளம். காரணமில்லாமல் என்று அர்த்தம். அவளுக்கு நான் செய்யும் பாதிக் காரியம் வெறுதே செய்வதுதான்.

"பெட்டிய மூடி வச்சிட்டு ஒரு நாள் வாசிக்காம கேளுங்க" என்றாள். வாசிக்காமல் கேட்பது எனக்கு என்றைக்குமே கஷ்டம். இருந்தாலும் மூடிவைத்தேன். சுருதி இல்லாமல் இருப்பது முதலில் வேட்டி இல்லாமல் நிற்பது மாதிரி இருந்தது.

அவள் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் புளியமுத்து கொண்டுவந்தாள். தட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தாளத்தில் நாலு அடிக்கு ஒரு முத்து வீதம் வைத்துக்கொண்டே போனாள். எட்டு முத்து ஆனதும் பாட்டு முதலிலிருந்து வருவதுபோல இருந்தது. அடுத்த வரிசை தொடங்கினாள். பதினாறு ஆனதும் வேறு மாதிரி போயிற்று. அது மூன்றாம் வரிசை. இருபத்துநாலு ஆனதும் பழையபடி முதல் வரிசை திரும்பி வந்தது. முப்பத்திரண்டு முத்தில் ஒரு சுற்று முடிந்தது. அடுத்த சுற்றுக்கு முத்துகளை எடுத்து மறுபடி வைத்தாள். அதே கணக்கு.

"பல்லவி, இன்னொரு தடவை பல்லவி, அனுபல்லவி, திரும்பப் பல்லவி. அம்புட்டுத்தான்" என்றாள்.

எனக்குக் காது கூசிய இடம் மூன்றாம் வரிசை. மற்ற மூன்று வரிசையிலும் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் அவள் மேலே வாசிக்கிற வாத்தியங்களை விட்டுவிட்டு, அடியில் கனமாகப் போகும் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே பாடினாள். எனக்கு அது சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. முழங்காலில் வந்து இடிக்கும் அதிர்வாகத்தான் தெரிந்தது. அவள் பாடியதை நான் நோட்டில் எழுதினேன். முதல் வரிசையில் முத்துக்கு ஒன்றாக ச, த, ரி, ப. மறுபடியும் ச, த, ரி, ப. மூன்றாம் வரிசையில் க, க, த, த, ரி, ரி, ப, ப. பிறகு நாலாம் வரிசை தொடங்கும்போது ச.

இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிடாமல்கூட உட்கார்ந்திருந்தோம். அவள் விரல்விட்டு எண்ணினாள். க-விலிருந்து நாலாவது எண்ணினால் த. த-விலிருந்து நாலாவது ரி. ரி-யிலிருந்து நாலாவது ப. ப-விலிருந்து நாலாவது ச.

"எல்லாம் வீட்டுக்குத்தான் வருதுங்க. நாலு நாலு படியா வருது. மொத வரிசையில பக்கத்துத் தெரு வரைக்கும் போயிட்டு வந்துருது. மூணாவதுல கொஞ்சம் தூரமாப் போயிட்டு அங்கனருந்து வருது. போன எடத்துல எல்லாம் ஒரு செத்த நேரம் அதுதான் ச."

இந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஷட்ஜம் அங்கும் இங்கும் போகுமா? போனால் அது ஷட்ஜமா? அரை நாள் அவளோடு சண்டை போட்டேன். அவள் க-வைப் பாடி, அதையே ஷட்ஜமாக வைத்து அதற்கு ஒரு காந்தாரம் எடுத்தாள். என் கணக்கில் அது சுத்த தைவதம்; சங்கராபரணத்துக்கு ஆகவே ஆகாத ஸ்வரம். தட்டை ஓடவிட்டுப் பார்த்தால், மூன்றாம் வரிசை தொடங்கும் இடத்தில் பியானோவில் கேட்டது சாட்சாத் அதே ஸ்வரம். த-வுக்கு அப்படி ஒரு காந்தாரம், ரி-க்கு அப்படி ஒன்று. நான் அபஸ்வரம் என்று திட்டியதெல்லாம் இந்தக் காந்தாரங்கள்தான். நோட்டை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் வாசிக்க வரவில்லை. ஒவ்வொரு முத்துக்கும் புது ஷட்ஜம், புதுக் காந்தாரம் என்று தாவினால் விரல் திணறியது. வாசித்துவிட்டுக் கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் திண்டாடுவது மாதிரி இருந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கயும் தாவாதீய. ஒண்ணுல காந்தாரத்தை எடுத்தா அடுத்ததுல அதோட நிஷாதத்தை எடுங்க. இருந்த எடத்துலருந்து அரைப்படி எறங்கினாப் போதும்" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். க வரும்போது சுத்த தைவதம். த வரும்போது அரைப்படி இறங்கிப் பஞ்சமம். ரி வரும்போது இன்னும் அரைப்படி, பிரதி மத்யமம். ப வரும்போது சுத்த மத்யமம். வீட்டுக்கு வந்ததும் காந்தாரம். ஐந்தே ஸ்வரம், ஒன்றை ஒன்று ஒட்டி. எங்கள் பக்கத்தில் இரண்டு மத்யமத்தையும் இப்படி அடுத்தடுத்து வாசித்தால் விவரம் தெரிந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் தட்டோடு சேர்த்து வாசித்தபோது மூன்றாம் வரிசை முழுக்க எங்கேயும் இடிக்கவில்லை. இத்தனை நாள் கூசிய பல் கூசவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சிரித்தாள். மீதி நாட்களில் அந்த ஐந்து ஸ்வரத்தைச் சுற்றி என் சரக்கைக் கட்டினேன். அலங்காரம் என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் குற்றாலம் போனோம். அவளுக்கு அருவியில் குளிக்க ஆசை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு விடுதியின் பின்பக்கம் வந்தாள். என் சித்தப்பா மகன் சமையலறை வராந்தாவில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தான். அங்கிருந்து ஹாலின் ஜன்னல் பத்தடி தூரம். நான் இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

ஹாலில் இன்னும் யாரும் வரவில்லை. பேண்டுக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். தலைவர் கால் தட்டித் தொடங்கினார். முதல் சுற்று அவர்கள் பாட்டை வாசித்தார்கள். பிறகு என் பக்கம் தலையை ஆட்டினார். எழுந்து நின்றேன். முதல் இரண்டு வரிசை வாசித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் நான் அரைப்படி அரைப்படியாக இறங்கியதும் வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பினார். மூன்று சுற்று முடிந்து உட்கார்ந்தேன். நாற்காலி பிரம்பு நாற்காலி. நன்றாகத்தான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து வந்தார். "அந்த மூணாவது எட்டுலே இறங்கினியே, அதை யாரு உனக்குக் காட்டிக் கொடுத்தது? தட்டிலே யாருமே அப்படி வாசிக்கலையே மேன்."

எங்கள் தொழிலில் யாரிடம் கற்றாய் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாதவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பெண்டாட்டியிடம் கற்றேன் என்றால் குற்றாலத்தில் சிரிப்பார்கள். அது தென்காசிக்கு வந்து சேர்ந்தால் பேண்டு செட்டில் ஆயுசு முழுக்கச் சிரிப்பார்கள். இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று இல்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"செங்கோட்டையில ஒரு பாகவதர்ங்க."

"நான் அவரைப் பார்க்கணுமே."

"இல்லீங்க. அவர் தவறிட்டார். போன வருஷம்."

"அடப் பாவமே" என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வரச் சொன்னார். போகும்போது கையில் புதிதாக இன்னொரு தட்டு.

திரும்பும் பஸ்ஸில் நெருக்கமாக உட்கார்ந்திருந்தோம். நாற்காலி கிடைத்துவிட்டது என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அவள் தலைமயிரை விரலால் கோதிக்கொண்டிருந்தாள். இலஞ்சி தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பாகவதருக்கு என்ன சீக்கு?"

ஜன்னல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைகுட்டி உண்டா அவருக்கு?" என்றாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, சோறு போட்டு, எப்போதும்போலத்தான் இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் புதுத் தட்டைக் கிராமபோனில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். சாவி கொடுத்தாள், முள்ளை மாற்றினாள், திரும்பிப் போகப்பார்த்தாள்.

"உக்காந்து கேக்கலையா?"

"செத்தவுககிட்டக் கணக்குக் கேக்கக் கூடாதுங்க. தோஷம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியாதா, நோட்டு என்னிடம்தானே இருக்கிறது என்று வீம்பாக நானே உட்கார்ந்து எண்ணினேன். புளியமுத்தைத் தேடிப் போகக் கௌரவம் இடம் தரவில்லை. விரலை மடக்கி எண்ணினேன். ஒரு பெண் பாடத் தொடங்கும் இடம் வரை முப்பத்தாறு வந்தது. பாட்டு என்றால் முப்பத்திரண்டு என்பது எனக்கு அதற்குள் வேதமாகிவிட்டது. முப்பத்திரண்டு போக நாலு மிச்சம். அந்த நாலை ஆரம்பத்தில் வரும் முன்வாசிப்பு என்று வைத்துக்கொண்டேன். இன்னொரு தரம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கிற பொறுமை எனக்கு எங்கே இருந்தது?

அந்தச் சனிக்கிழமை ஹால் நிறைய ஜோடிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே சாரல் பெய்தது. பழைய பாட்டை நன்றாக வாசித்தேன். பிறகு புதியது வந்தது. நாலை விட்டுவிட்டு எழுந்தேன். எட்டு வாசித்தேன், இன்னொரு எட்டு வாசித்தேன், ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மூன்றாம் வரிசை வந்துவிட்டது என்று நானாக முடிவு செய்து, பெருமையோடு சுத்த தைவதத்தைப் பிடித்து அரைப்படி அரைப்படியாக இறங்கினேன். அந்தப் பாட்டில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. நாலு நாலாக மூன்று வரிசை, பன்னிரண்டில் சுற்று முடிந்துவிடும். பன்னிரண்டு மூன்று தரம் வந்ததைத்தான் நான் முப்பத்தாறு என்று எண்ணியிருக்கிறேன். இல்லாத அனுபல்லவியை நான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். டிரம்பெட்காரர் தன் முறைக்கு எழுந்து நின்றுவிட்டார். நானும் நிற்கிறேன். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேண்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

முடிந்ததும் தலைவர் கோபப்படவில்லை. "எங்கே போனே மேன்? நாங்க எல்லாரும் இங்கேயேதான் இருந்தோம்" என்றார். பிறகு, "மதுரையிலே ஒருத்தன் இருக்கான். அடுத்த சனிக்கிழமையும் இப்படின்னா அவனுக்கு எழுதுவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. சோறு வேகவில்லை என்று கத்தினேன். வெந்துதான் இருந்தது. அவள் என் இலையில் இருந்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுக்குள் பேச்சு இல்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் சிரிப்பார்களே என்று பயப்பட்டது வெட்கமே அல்ல.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே குற்றாலம் போனேன். தலைவர் தன் அறையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பாகவதர் யாரும் இல்லை, சாகவும் இல்லை. கணக்குப் போட்டது என் மனைவி. மூன்றாம் வரிசையும் அவள் கண்டதுதான். புதுத் தட்டின் கணக்கை அவளிடம் கேட்க எனக்கு வாய் இல்லை, அதனால்தான் தொலைந்துபோனேன்.

அவர் பாதிச் சவரத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "எதை வச்சு எண்ணினாங்க?" என்று கேட்டார். புளியமுத்து என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முத்தை எப்படி அடுக்கினாள், கீழ்ச் சத்தத்தை எப்படிப் பிரித்தாள், நாலு நாலாக எண்ணியது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். சாரலுக்கு நடுவே அன்று மட்டும் ஒரு வெயில் அடித்தது. அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குற்றாலம் போய்விட்டு வருகிறேன் என்றேன். கையை நிறுத்தாமல் மிளகாயைப் பரப்பினாள்.

"பாகவதர் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றேன். "நீதான்னு சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. நல்லதுன்னாரு."

"சொன்னத அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். "'நீ வந்த அன்னைக்கு இறங்கி வாசிச்சியே, அந்த அஞ்சு ஸ்வரம். அந்த வழி எனக்குப் பிடிபட ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குச் சொல்லித் தர வாத்தியார் இருந்தாரு, புஸ்தகம் இருந்தது, பியானோ இருந்தது. அந்தம்மா பத்து நாள்லே தனியா கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க கேட்டுச் சொன்னா சனிக்கிழமை வா. அவங்க இல்லாம நீ வராதே'ன்னாரு."

அவள் கை மிளகாயின் மேலேயே நின்றுவிட்டது. வீணை நின்ற அந்த வருஷத்திலிருந்து அவளிடம் ஒருவரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நானும் சொன்னதில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.